முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றல்: காசு யார் தருவது, ஏன் பாதியில் நிற்கிறது?

இயக்கச்சியான் கேட்டது:

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சி மாவட்டத்துப் பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தில் இன்னும் மண்டையோட்டுப் பலகை நிற்கிற காணிகளைப் பற்றி எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்காக ஒரு குறிப்பு எழுத வேண்டும். அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் கொடுப்பதற்கு. சனம் கேட்கிற கேள்விகள் இவை:

1. காசு முழுக்க வெளிநாட்டுக் காசா? அரசாங்கம் ஏதும் போடுகிறதா?
2. ஒரு காணியைத் துப்பரவாக்கிக்கொண்டு வந்து நடுவில் விட்டுவிட்டுப் போகிறார்கள். கேட்டால் "புரொஜெக்ட் முடிஞ்சுது" என்கிறார்கள். காணி முடியும்வரை காசு கொடுக்க முடியாதா?
3. ஒரு மிதிவெடி செய்ய 3 டொலர், எடுக்க 1,000 டொலர் என்று எல்லா இடமும் எழுதுகிறார்கள். அந்தக் கணக்கைக் குறிப்பில் போடலாமா?
4. 2028 என்று ஒரு திகதி சொல்கிறார்கள். அதற்குப் பிறகு காசு வராதா?

கூட்டத்தில் எதைக் கேட்டால் உருப்படியான பதில் வரும் என்றும் சொல்லுங்கள். "விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற பதில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை:

முதலாம், இரண்டாம் கேள்விகளுக்கு மட்டும் எழுதுகிறேன். மற்றதைக் களத்து ஆட்கள் சொல்லட்டும்.

வெளிநாட்டுக் காசு பெரும்பாலும் கொழும்புத் திறைசேரிக்கு வருவதில்லை. கொடுக்கிற நாடு, அகற்றும் நிறுவனத்தோடு நேரே ஒப்பந்தம் எழுதும். ஹலோ டிரஸ்டும் மாக்கும் 2002 போர்நிறுத்தத்தோடு வந்த வெளிநாட்டு நிறுவனங்கள். டாஷ், ஷார்ப் இரண்டும் உள்ளூர் நிறுவனங்கள். கொடுக்கும் நாடுகளில் அமெரிக்காவும் ஜப்பானும் நெடுங்காலமாக நிற்பவை. பிரிட்டன், நோர்வே, கனடா, சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா என்று பலர் வெவ்வேறு காலங்களில் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் காணியில் வேலை செய்வது என்பதை நிறுவனமோ தூதரகமோ தனியாகத் தீர்மானிக்க முடியாது. 2010இல் அமைத்த தேசிய கண்ணிவெடி நடவடிக்கை நிலையம்தான், பிராந்திய அலுவலகம் வழியாக, ஒவ்வொரு காணிக்கும் பணி ஆணை கொடுக்கும். அதாவது காசு ஒரு பக்கத்தால் வருகிறது, ஆணை இன்னொரு பக்கத்தால் வருகிறது. இரண்டும் ஒரே நாளில் வராது.

அரசாங்கம் ஒன்றும் போடவில்லை என்று எழுதாதீர்கள், பிழை. இராணுவத்தின் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பிரிவு அரச செலவில்தான் ஓடுகிறது. தேசிய நிலையத்தின் ஆளணி, தரப் பரிசோதனை எல்லாம் அரச செலவு. படையினரின் சம்பளமும் சாப்பாடும் வாகனமும் பாதுகாப்புச் செலவோடு போய்விடுவதால் வெளியே தெரிவதில்லை. அரசாங்கத்தின் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்பது நியாயமான கேள்விதான்.

இனி, பாதியில் நிற்பது ஏன். ஜப்பான் தூதரகம் கொடுக்கும் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு நன்கொடை வழமையாக ஒரு வருட ஒப்பந்தம். அவர்களின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும். அமெரிக்காவின் நிதியாண்டு ஒக்டோபரில். எங்கள் பாதீடு ஜனவரியில். ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கையெழுத்தாக இரண்டு மாதம் இடைவெளி விழுந்தால் அந்த இரண்டு மாதச் சம்பளத்தை எந்த நன்கொடையிலும் எழுத முடியாது. சேமிப்பு இல்லாத நிறுவனம் ஆட்களை நிற்பாட்டும். பெரிய வெளிநாட்டு நிறுவனம் இன்னொரு நாட்டுக் காசுக்கு அந்த அணியை மாற்றும். ஆனால் அந்த இன்னொரு காசு வேறு மாவட்டத்துக்கு என்று எழுதப்பட்டிருக்கும். உங்கள் காணியில் இருந்து ஆட்கள் எழும்பிப் போவது அப்படித்தான்.

நிறுத்திய அணியைத் திரும்பக் கூட்டுவது இலேசு என்று நினைக்க வேண்டாம். மீள்பயிற்சி, பரீட்சை, காப்புறுதி, அங்கீகாரம் எல்லாம் புதுப்பிக்க வேண்டும். நல்ல செக்சன் லீடர் (அணித் தலைவர்) அதற்குள் வெளிநாடு போயிருப்பார். விட்ட காணியில் ஒரு மாரி போனால் பற்றை ஆளுயரத்துக்கு நிற்கும்; ஏற்கெனவே காசு கொடுத்து வெட்டிய பற்றையைத் திரும்ப வெட்ட வேண்டும்.

2025 ஜனவரி 20இல் அமெரிக்க ஜனாதிபதி வெளிநாட்டு அபிவிருத்தி உதவியை 90 நாள் நிறுத்தி ஆணையிட்டது ஞாபகம் இருக்கும். சில நாட்களிலேயே வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் போய், உலகம் முழுக்க அந்தக் காசில் ஓடிய அணிகள் நின்றன. ஒரே நன்கொடையாளரில் முக்கால்வாசி தங்கியிருக்கிற எந்த நிறுவனத்துக்கும் அதுதான் நிலை.

---

வாரிக்காரன்:

அண்ணை சொன்ன ஒப்பந்தக் கதை சரி. ஆனால் காசு போதாமல் போவதற்கு நிலமும் ஒரு காரணம். அதையும் குறிப்பில் போடுங்கள், இல்லாவிட்டால் கூட்டத்தில் நிறுவனங்களைத் திட்டுவதோடு முடியும்.

2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்த பிறகு கிளாலி – முகமாலை – நாகர்கோவில் கோடு 2009 ஜனவரிவரை முன்னரங்கு. இரண்டு பக்கமும் ஒன்பது வருடம் மாறி மாறிப் புதைத்த இடம். மேலே எறிகணைச் சிதறல். டிடெக்டரைப் பிடித்தால் விடாமல் கத்தும். இராணுவம் புதைத்தவற்றில் அதிகம் காணப்படும் பாகிஸ்தான் தயாரிப்பு பி4 மிதிவெடியில் உலோகம் மிகக் குறைவு. ஆகவே சிதறலுக்குக் கத்துகிற கருவி, மிதிவெடிக்கு மெல்ல முனகும். புலிகளின் ஜொனி 95 மிதிவெடி ஒரு மரப்பெட்டி. மரம் உக்கிப்போய் உள்ளடக்கம் மண்ணோடு கிடக்கும், பெட்டி வடிவத்தைத் தேடிப் பிரயோசனம் இல்லை.

அதனால்தான் இங்கே வாரி முறை. வாரி என்றால் மண்ணை இழுக்கிற பல்லுக் கருவி. நீளப் பிடி போட்ட இரண்டு வாரி: இறுகிய மண்ணை உடைக்கக் கனத்தது, உடைந்த மண்ணை இழுக்க இலேசானது. வெட்டுமுகத்தைத் தனக்கு முன்னால் வைத்துக்கொண்டு, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுப்பார்கள். அப்போது வாரிப் பல் மிதிவெடியின் பக்கவாட்டில்தான் முட்டும், மேல்தட்டில் அமுக்காது. அகற்ற வேண்டிய ஆழம் முழுக்க மண் புரட்டப்படுவதால் உலோகம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே எழாது. நம்பிக்கையான முறை, ஆனால் மெதுவானது. மணல் தரையில் ஓடும். ஆவணி வெயிலில் இறுகிய செம்மண்ணில் பவுசரில் (தாங்கி லொறியில்) தண்ணீர் கொண்டுவந்து ஊறவிட வேண்டும். கார்த்திகை, மார்கழியில் களப்போரக் காணி வெள்ளத்துக்குள். ஒப்பந்தம் புரட்டாதியில் கையெழுத்தானால் முதல் மூன்று மாதம் மழைக்குப் போகும்.

இப்போது கணக்கு. ஒரு உதாரணத்துக்கு 10 பேர், மாதம் 20 வேலைநாள் என்று வையுங்கள். இலேசான மணலில் ஆளுக்கு நாளைக்கு 20 சதுர மீற்றர் என்றால் மாதம் 4,000. ஒரு ஹெக்டேயருக்கு இரண்டரை மாதம். சிதறல் நிறைந்த இறுகிய தரையில் ஆளுக்கு 8 என்றால் மாதம் 1,600. அதே ஹெக்டேயருக்கு ஆறு மாதத்துக்கு மேல். சம்பளம், அம்புலன்ஸ், மருத்துவ உதவியாளர், டீசல் எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அம்புலன்ஸ் இல்லாத நாளில் பாதைக்குள் ஒருவரும் இறங்கக் கூடாது, நாலு பேர் என்றாலும் நாற்பது பேர் என்றாலும். ஆகவே நன்கொடையாளர் 20 வீதம் வெட்டினால் வேலை 20 வீதம் மட்டும் குறையாது. வெட்டக்கூடியது அகற்றுநர் சம்பளம் மட்டுமே, மற்றச் செலவு அப்படியே நிற்கும். முகக் கவசம்கூட ஒரு சின்ன உதாரணம்: 5 மில்லிமீற்றர் பொலிகாபனேற். வாரி எறிகிற மணலில் கீறி மங்கிவிடும். மங்கிய கவசத்தோடு வேலை செய்கிறவர் அதை உயர்த்திவிட்டுப் பார்ப்பார். முகக்காயம் வருவது அப்படித்தான். மாற்றுக் கவசத்துக்குப் பாதீட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாலே அந்தத் திட்டம் எழுதியவர் களம் தெரிந்தவரா என்று விளங்கும்.

மண் அணை, பதுங்குகுழி இருந்த இடம் இன்னும் மோசம். சண்டைக்குப் பிறகு புல்டோசர் போட்டுத் தள்ளிய அணைக்குள் மிதிவெடி ஒரு மீற்றருக்குக் கீழேயும் கிடக்கலாம். அங்கே வாரி சரிவராது. கவசம் பூட்டிய அள்ளும் இயந்திரம், சல்லடை வாளி, சலித்த மண்ணைப் பரப்பிப் பார்க்க ஒரு தளம், எல்லாம் வேண்டும். ஒரு ஹைட்ரோலிக் பைப் வெடித்தால் உதிரிப்பாகம் வர வாரக்கணக்கு. கைமுறை அகற்றலுக்கு எழுதிய பாதீட்டில் அணை தட்டுப்பட்டால் அணி ஒதுங்கி நிற்கும், காணி பாதியில் நிற்கும். உங்கள் இரண்டாம் கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

3 டொலர் – 1,000 டொலர் கணக்கைப் போடாதீர்கள். செலவு மிதிவெடி எண்ணிக்கையில் ஏறுவதில்லை, பரப்பில் ஏறுகிறது. ஒரு ஹெக்டேயரில் ஒன்று இருந்தாலும் நூறு இருந்தாலும் முழு ஹெக்டேயரையும் புரட்ட வேண்டும். ஒன்றுமே இல்லாத காணியைப் புரட்டினாலும் கிட்டத்தட்ட அதே செலவுதான். அதனால் இந்தத் தொழிலில் அதிகம் மிச்சம் பிடிக்கிற காசு ஆய்வுக்குக் கொடுக்கிற காசு. இரண்டு மூன்று பேர், ஒரு வாகனம், பழைய படை வரைபடம், முன்னாள் படையினர், முன்னாள் போராளிகள், மாடு மேய்ப்பவர்கள், விறகுக்குப் போகிறவர்களிடம் விசாரணை. சான்று இல்லாத பரப்பைச் சந்தேகப் பட்டியலில் இருந்தே நீக்கிவிடலாம். படம் எடுத்துப் போட அழகாக இல்லாததால் ஆய்வுக்கு நன்கொடை கேட்பது கஷ்டம், அது வேறு கதை.

---

திருநெல்வேலிக்காரன்:

வணக்கம், தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். இந்தியா இதில் ஏதாவது செய்ததா? 2009க்குப் பிறகு இந்தியக் குழுக்கள் போனதாகச் செய்தியில் பார்த்த ஞாபகம்.

---

கணக்குப்பிள்ளை:

ஆம். 2009 போர் முடிந்த கையோடு இந்திய அரசின் முழுச் செலவில் குழுக்கள் வந்தன. ஹொரைசன், சர்வத்ரா என்ற, ஓய்வுபெற்ற இந்திய இராணுவத்தினர் நடத்தும் அமைப்புகள். மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்து சனத்தை ஊருக்கு அனுப்ப வேண்டிய அவசரம், ஆகவே வீடு, வீதி, பள்ளிக்கூடம்தான் முதலில். அந்தக் காலத்தில் காசுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. இப்போது மிஞ்சிக் கிடப்பது அன்றைக்குக் கஷ்டம் என்று பின்னுக்குத் தள்ளிய நிலம்.

---

ஐந்தாம்பிரிவு:

கடைசி வரி முக்கியம், அதில் இருந்தே தொடங்குகிறேன். எந்த நாட்டிலும் இலேசான நிலம் முதலில் முடியும். ஒப்பந்த இலக்கு சதுர மீற்றரில் எழுதப்படுவதால் நிறுவனமும் இலேசான நிலத்தையே விரும்பும். கடைசியில் மிஞ்சுவது அணை, களப்பு, காடு. அப்போது ஒரு சதுர மீற்றருக்கான செலவு ஏறும், வருடப் பரப்பு இறங்கும். தூதரகத்தில் அந்த வரைகோட்டைப் பார்ப்பவர் "வேலைத்திறன் குறைகிறது" என்று முடிவு கட்டுவார். அதே நேரம் விபத்துகளும் குறைந்திருக்கும், நாடும் நடுத்தர வருமானப் பட்டியலுக்கு ஏறியிருக்கும். ஆகக் கூடுதலான காசு தேவைப்படும் நேரமும் காசு வற்றுகிற நேரமும் ஒன்றாக வந்து விழுகின்றன. கணக்குப்பிள்ளை அண்ணை ஒரு வருட ஒப்பந்தத்தில் பழி போடுகிறார். நான் அதில் முழுதாக ஒத்துப்போக மாட்டேன். மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்தாலும் இலக்கு வெறும் சதுர மீற்றர் என்றால் கஷ்டமான காணி மூன்று வருடம் பிந்தும், அவ்வளவுதான். இலக்கைப் பணி ஆணை எண்ணில் எழுத வேண்டும்: இன்ன இன்ன காணி முடிந்து கையளிக்கப்பட வேண்டும் என்று.

2028 பற்றி. இலங்கை ஒட்டாவா (மிதிவெடித் தடை) உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 டிசெம்பர் 13. நடைமுறைக்கு வந்தது 2018 ஜூன் 1. ஐந்தாம் பிரிவு அகற்றி முடிக்கப் பத்து வருடம் தருகிறது, ஆகவே 2028 ஜூன் 1. இது இலங்கை தனக்கு ஏற்றுக்கொண்ட கெடு, நன்கொடையாளரின் கெடு அல்ல. ஆறாம் பிரிவு, உதவ இயலுமான நிலையில் இருக்கிற உறுப்பு நாடுகள் உதவ வேண்டும் என்கிறது. தொகை எதுவும் இல்லை. அமெரிக்கா இந்த உடன்படிக்கையில் உறுப்பே இல்லை, ஆனால் நெடுங்காலமாக உலகத்திலேயே பெரிய நன்கொடையாளராக இருந்து வந்திருக்கிறது. ஆகவே திகதியையும் காசையும் ஒன்றாக்கிப் பார்க்கத் தேவையில்லை.

முடிக்க முடியாவிட்டால் நீடிப்புக் கேட்கலாம். கோரிக்கை, அதை ஆராயும் உறுப்பு நாடுகள் கூட்டத்துக்கு ஒன்பது மாதம் முந்திப் போக வேண்டும். 2028 ஜூனுக்கு முன் வரும் கூட்டம் 2027 கடைசியில் என்பதால், 2027 மார்ச் அளவில் தாள் தயாராக இருக்க வேண்டும். அதில் ஏன் பிந்தியது, எவ்வளவு மிச்சம், என்ன காசும் கருவியும் கையில் இருக்கிறது என்று எழுத வேண்டும். அரசாங்கத்தின் சொந்தப் பங்கைப் பற்றிக் கேட்க அதைவிட நல்ல தருணம் கிடையாது.

மொசாம்பிக்கைப் பாருங்கள். முதற் கெடு 2009. அதற்குச் சற்று முன்னர் செய்த மறு ஆய்வில்தான் எவ்வளவு மிச்சம் என்று தெளிவாகி, 2014க்கு நீடித்து, அதையும் தாண்டி 2015 செப்டெம்பர் 17இல்தான் முடித்ததாக அறிவித்தார்கள். ஆய்வு முந்திச் சரியாக நடந்திருந்தால் காசு கேட்கும் கணக்கே வேறாக இருந்திருக்கும். கம்போடியா 2022இல் பிரதமர் பெயரில் ஒரு நிதியம் தொடங்கி உள்நாட்டுச் செல்வந்தரிடமும் பொதுமக்களிடமும் திரட்டியது. அதன் அரசியலை விடுங்கள். "நாங்களும் போடுகிறோம்" என்று காட்டினால் வெளிநாட்டுக்காரரிடம் கேட்பது இலகு.

இன்னொன்று: உறுப்பு நாடுகள் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 30க்குள் ஏழாம் பிரிவு அறிக்கை கொடுக்க வேண்டும். அது பகிரங்க ஆவணம். மிச்சப் பரப்பு பற்றிய விபரம் அதில்தான் வரும். கூட்டத்துக்குப் போகுமுன் கடைசி இரண்டு வருட அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

---

இயக்கச்சியான்:

எல்லோருக்கும் நன்றி. சங்கத்தில் ஒரு அம்மா கேட்டது: பாதி முடிந்த காணியில், முடிந்த பாதியையாவது தர முடியாதா? மற்றது, கூட்டத்தில் கேட்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னால் புண்ணியம்.

---

வாரிக்காரன்:

தரலாம். முடிந்த பகுதிக்கும் முடியாத பகுதிக்கும் நடுவில் தெளிவான எல்லை வேண்டும்: வேலி, வரப்பு, பாதை மாதிரி கண்ணுக்குத் தெரிகிற ஒன்று. பகுதி முடிவறிக்கை எழுதி, தரப் பரிசோதனை முடித்து, மாவட்டச் செயலகம் வழியாகக் கையளிக்கலாம். எல்லை கோணல்மாணலாக இருந்தால் சம்மதிக்க மாட்டார்கள், அது சரிதான். மாடு பிடிக்கப் போகிறவருக்கு வரைபடத்துக் கோடு தெரியாது.

கூட்டத்தில் "எப்போது முடிப்பீர்கள்" என்று தொடங்க வேண்டாம். காணிக்குக் காணி பணி ஆணை எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை என்றால் அந்தக் காணி இன்னும் வரிசையிலேயே இல்லை. காசைப் பற்றிப் பேசுவது வீண். எண் இருந்தால்: சந்தேகப் பகுதியா உறுதிப்படுத்திய பகுதியா, கடைசியாக எந்த வருடம் ஆய்வு நடந்தது, இப்போது எந்த நிறுவனம், யாருடைய காசு, ஒப்பந்தம் முடியும் மாதம் எது, முடிந்தால் அடையாளத் தடிகளையும் பலகைகளையும் யார் பராமரிப்பது. இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் வழமையாகப் பதில் தடுமாறும். இரும்புத் தடி பழைய இரும்புக்குப் போய்விடும், பலகை விறகாகிவிடும். யாருடைய பாதீட்டிலும் அது இருக்காது.

காணிக்காரர் தங்கள் பக்கத்தில் உறுதியோ அனுமதிப்பத்திரமோ, கிராம அலுவலர் கடிதமோ சேர்த்து வைக்க வேண்டும். முன்னுரிமை கொடுக்கும்போது "ஆள் இருக்கிறார், பயிர் செய்யப் போகிறார்" என்று காட்டுகிற காணி முன்னுக்கு வரும். வன எல்லைக்குள் வருகிறதா என்பதையும் இப்போதே பார்த்து வையுங்கள். வெடி எடுத்த பிறகு அந்தப் பிரச்சினை கிளம்பினால் நன்கொடையாளருக்கும் "பயனாளிகள்" என்று எழுத ஆள் இருக்காது.

கையளிக்கும்போது முடிவறிக்கையின் பிரதி கேட்டு வாங்குங்கள். அதில் எத்தனை சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அகற்றப்பட்டது என்று இருக்கும். உழவுக்கு அது போதும். ஆனால் பளைப் பக்கம் எல்லோரும் வைப்பது தென்னை. தென்னம்பிள்ளைக் குழி 3 அடி. பழைய அணையோ பதுங்குகுழியோ இருந்த இடத்தில் குழியோ கிணறோ வெட்டுவதாக இருந்தால், வெட்டுமுன் பிராந்திய அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். அணி இன்னும் பக்கத்துக் காணியில் நிற்கிற காலத்திலேயே கேட்டால் இயந்திரம் வந்து பார்த்துவிட்டுப் போகும். அவர்கள் வேறு மாவட்டத்துக்கு எழும்பிய பிறகு கேட்டால் அது புது ஆணை, புதுக் காசு.